மூட்டுல எத்தனை வகை, உள்ள என்ன இருக்கு, தேய்மானம்னா எது தேயுது?

கேள்வியில ரெண்டு விஷயம் கேட்டிருக்கீங்க. பொண்ணு பதினொன்னாவது பயோ-ஜூவாலஜி படிக்கிறா, மூட்டு வகைகள் பாடத்தை எத்தனை தடவை மனப்பாடம் பண்ணாலும் மண்டையில நிக்க மாட்டேங்குதுன்னு ஒன்னு. பெண்ணாகரம் பக்கத்து ஊர்ல இருக்கிற அம்மாவுக்கு அறுபது தாண்டிருச்சு, ரெண்டு முட்டியும் வலி, டாக்டர் தேய்மானம்னு சொல்லிட்டாரு, உள்ள எதுதான் தேயுதுன்னு இன்னொன்னு. நான் தருமபுரியில பிசியோதெரபிஸ்டா இருக்கேன், ரெண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்துல இருக்கறதால சேர்த்தே சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

புத்தகத்துல பேரு நிறைய இருக்கறதாலதான் பயமா தெரியுது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்னுதான்: ரெண்டு எலும்பு சந்திக்கிற எடத்துல நடுவுல என்ன இருக்கு? அங்க நார் இருந்தா நார் மூட்டு, குருத்தெலும்பு அடைச்சுக்கிட்டு இருந்தா குருத்தெலும்பு மூட்டு, ரெண்டும் ஒட்டாம இடைவெளி விட்டு அதுல வழவழன்னு திரவம் இருந்தா அது திரவ மூட்டு, நாங்க சைனோவியல் ஜாயின்ட்னு சொல்றது. அவ்வளவுதான் மூணு வகை. அந்த மூட்டு எவ்வளவு அசையும், அதுக்கு எந்த வியாதி வரும், அடிபட்டா ஆறுமா ஆறாதா, எல்லாத்தையும் நடுவுல இருக்கிற அந்தப் பொருள்தான் தீர்மானிக்குது. மூட்டு வலின்னு ஒரே பேரைச் சொல்லிட்டு எல்லாத்துக்கும் ஒரே தைலம், மெடிக்கல்ல கேட்டு வாங்கின ஒரே மாத்திரைன்னு போறதை தினமும் பாக்குறேன், அதனாலதான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

நார் மூட்டுல இருந்து ஆரம்பிப்போம். மண்டை ஓட்டுல இருக்கிற எலும்புங்க ஒன்னோட ஒன்னு பல்லு பல்லா கோர்த்து நடுவுல மெல்லிசா நார் வச்சு தச்சிருக்கும், அதுதான் சூச்சர். பெரியவங்களுக்கு அது அசையாது. ஆனா பொறந்த குழந்தைக்கு அந்த எலும்புங்க நடுவுல நல்ல இடைவெளி இருக்கும், பிரசவத்தப்ப ஓடு ஒன்னு மேல ஒன்னு லேசா ஏறி தலை வெளிய வர்றதுக்கும், அப்பறம் மூளை வளர்றதுக்கும் இடம் வேணும் இல்லையா. அந்த இடைவெளியில பெருசா முன்னாடி இருக்கறதுதான் நம்ம வீட்டுல சொல்ற உச்சிக்குழி, பொதுவா ஒன்றரை வயசுல இருந்து ரெண்டு வயசுக்குள்ள மூடிக்கும். குழந்தைக்கு பேதி போகறப்ப உச்சிக்குழி உள்வாங்கிருச்சுன்னா உடம்புல தண்ணி குறைஞ்சிருச்சுன்னு அர்த்தம், உடனே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போகணும், இதை வீட்டுல இருக்கிற எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும்.

பல்லும் தாடையும் சந்திக்கிறதும் நார் மூட்டுதான், இது நிறைய பேருக்குத் தெரியாது. பல்லு எலும்புக்குள்ள நேரா ஒட்டிக்கிட்டு இல்ல, சுத்தி கால் மில்லிமீட்டர் அளவுக்கு நார் படலம் ஒன்னு பிடிச்சு வச்சிருக்கு. அந்த நாருக்குள்ள நரம்பு முனைங்க இருக்கறதாலதான் களியில பொடி கல்லு ஒன்னு கடிபட்டாக்கூட அந்த நொடியே தெரிஞ்சு வாயை நிறுத்திடறோம்.

நார் மூட்டுலயே மூணாவதா ஒன்னு இருக்கு, இதை உங்க பொண்ணு கட்டாயம் ஞாபகம் வச்சுக்கணும், பின்னாடி அம்மா விஷயத்துக்கும் இது வேணும். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல ரெண்டு எலும்பு, ரேடியஸ், அல்னா. அந்த ரெண்டையும் நீளவாக்குல ஒரு நார் சவ்வு இணைக்குது. கால்லயும் டிபியா, ஃபிபுலான்னு ரெண்டு எலும்பு நடுவுல இதே மாதிரி சவ்வு உண்டு, கீழ கணுக்காலுக்கு மேல நார் இன்னும் இறுக்கமா கட்டியிருக்கும். இந்த வகைக்கு சின்டெஸ்மோசிஸ்னு பேரு. கொஞ்சம் நெகிழும், ஆனா பிரியாது. கணுக்காலுக்கு மேல இந்த நார் கிழிஞ்சா சாதாரண சுளுக்கை விட ஆற நாளாகும், அதனால சுளுக்குன்னு நெனச்சு உருவி விட்டுட்டு நடக்கறவங்களுக்கு மாசக்கணக்குல வலி நிக்காது.

ரெண்டாவது வகை குருத்தெலும்பு மூட்டு. இதுல வளர்ற பசங்களோட நீள எலும்பு முனையில இருக்கிற வளர்ச்சித் தட்டு, அதாவது குரோத் பிளேட், ஒன்னு. எலும்பு நீளமாகறது இங்கதான். பொண்ணுங்களுக்கு சீக்கிரமாவும் பசங்களுக்கு ஒன்னு ரெண்டு வருஷம் தள்ளியும் இது எலும்பாவே மாறி மூடிக்கும், அதோட உயரம் நின்னுடும். வளர்ற வயசுல பக்கத்துல எலும்பை எலும்போட கட்டியிருக்கிற நாரான லிகமென்ட்டை விட இந்தத் தட்டு பலம் கம்மி. பெரியவங்களுக்கு சுளுக்கா போகிற அடி சின்னப் பசங்களுக்கு இந்தத் தட்டுலயே முறிவா போயிடும், சரியா வைக்காம விட்டா அந்தக் கை கால் கோணலாவோ குட்டையாவோ வளரும். அதனால பன்னெண்டு பதிமூணு வயசுப் பையன் விழுந்து மணிக்கட்டு வீங்கிருச்சுன்னா எந்தக் கட்டு போடறதுக்கு முன்னாடியும் ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க.

முதுகெலும்பு டிஸ்க் இந்த வகையில இன்னொன்னு. ஒவ்வொரு ரெண்டு முள்ளெலும்புக்கு நடுவுலயும் ஒன்னு, மொத்தம் 23. கழுத்துல முதல் ரெண்டு எலும்புக்கு நடுவுல மட்டும் டிஸ்க் கிடையாது. டிஸ்க்கு வெளிய வட்டம் வட்டமா பின்னின நார், உள்ள தண்ணி நிறைஞ்ச கூழ். பகல் பூரா எடை தாங்கி தண்ணி கொஞ்சம் வெளியேறும், ராத்திரி படுத்தா திரும்ப உறிஞ்சிக்கும், அதனாலதான் காலையில அளந்தா சாயங்காலத்தை விட ஒன்னு ரெண்டு சென்டிமீட்டர் உயரம் கூட இருப்போம். பாலக்கோடு, ராயக்கோட்டை மார்க்கெட்டுல தக்காளி பெட்டியை குனிஞ்சு முறுக்கி தூக்குறாங்களே, அந்தக் குனிஞ்சு முறுக்கறதுதான் அந்த வெளிநாருக்குப் பெரிய எதிரி, நார் கிழிஞ்சு கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தினா குறுக்குல இருந்து கால் வரைக்கும் வலி இறங்கும். பெரும்பாலும் குறுக்குல கடைசி ரெண்டு டிஸ்க்குலதான் இது வரும். ஒரு விஷயம் கவனிங்க, அதே ரெண்டு முள்ளெலும்பும் முன்னாடி டிஸ்க்கால சேருது, பின்னாடி குட்டியா திரவ மூட்டாவும் சேருது, ஒரே ஜோடி எலும்புக்கு ரெண்டு வகை மூட்டு. பரீட்சையில இதைச் சேர்த்து எழுதினா புரிஞ்சு எழுதியிருக்கான்னு தெரியும்.

இடுப்பெலும்பு முன்னாடி சேர்ற எடத்துலயும் குருத்தெலும்புதான். கர்ப்பமா இருக்கறப்ப ஹார்மோனால அது சில மில்லிமீட்டர் விரிஞ்சு கொடுக்கும், சில பேருக்கு அதனாலயே படுக்கையில புரண்டு படுக்கும்போது அடிவயித்துக்குக் கீழ சுரீர்னு வலிக்கும்.

இந்த எடத்துல ஒன்னு சொல்லிடறேன். பாடத்துல நார் மூட்டுன்னா அசையாதது, குருத்தெலும்பு மூட்டுன்னா கொஞ்சம் அசையறது, திரவ மூட்டுன்னா நல்லா அசையறதுன்னு ஜோடி சேர்த்துப் படிப்பாங்க. மார்க்குக்கு அது போதும். ஆனா அப்படியே அச்சு அசலா பொருந்தாது, முன்கை சவ்வு நார் மூட்டுதான், ஆனாலும் கொஞ்சம் நெகிழும், குரோத் பிளேட் குருத்தெலும்பு, ஆனா துளிகூட அசையாது. எதால ஆனதுங்கிறது ஒரு கணக்கு, எவ்வளவு அசையுதுங்கிறது வேற கணக்கு. அவ குழம்பறது இங்கதான்னு நெனைக்கிறேன், ரெண்டையும் தனித்தனியா பிரிச்சுப் படிக்கச் சொல்லுங்க.

இப்ப திரவ மூட்டு. நாம மூட்டுன்னு பேச்சுல சொல்றது எல்லாமே கிட்டத்தட்ட இதுதான், முட்டி, இடுப்பு, தோள், முழங்கை, விரல், தாடை எல்லாம். எலும்பு முனை ரெண்டுலயும் கண்ணாடி வழவழப்புல வெள்ளையா ஒரு கார்டிலேஜ் (குருத்தெலும்பு) பூச்சு, பெரிய மூட்டுங்கள்ல பொதுவா ரெண்டுல இருந்து நாலு மில்லிமீட்டர் கனம். சுத்தி பை போல ஒரு உறை, அது கேப்சூல். உறையோட உள்பக்கம் மெல்லிசா சைனோவியல் சவ்வு, இதுதான் திரவத்தை சுரக்குது, உள்ள உதிர்ற தூசு துகளையும் பொறுக்கி சுத்தம் பண்ணுது. வெளிய லிகமென்ட் எலும்பை எலும்போட கட்டுது, அதுக்கும் வெளிய தசையும் தசைநாரும். தசைநாரும் எலும்பும் உரசற எடத்துல பர்சான்னு குட்டி திரவப் பைங்க வேற.

அந்தத் திரவம் எவ்வளவு இருக்கும்னு கேட்டா நிறைய பேரு ஒரு டம்ளர் ரெண்டு டம்ளர்னு நெனைக்கிறாங்க. உடம்புலயே பெரிய மூட்டான முட்டியில, நல்லா இருக்கிற மனுஷனுக்கு, ஒரு டீஸ்பூன்கூட இருக்காது. முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழன்னு இருக்கும், அந்தக் கொழகொழப்பு ஹயலுரானிக் ஆசிட்ங்கிற பொருளால வருது, லூப்ரிசின்னு ஒரு புரதமும் சேர்ந்து உராய்வே இல்லாம பண்ணுது. முட்டியில நீர் கோத்துக்கிச்சுன்னு ஊசி போட்டு எடுக்கறாங்களே, அந்த அளவு திரவம் இருக்கவே கூடாது, சவ்வு எரிச்சல்பட்டு அதிகமா சுரந்ததுதான் அது. திரவம் வத்திப் போச்சு, எண்ணெய் விட்டா சரியாகும்னு சொல்றது உண்மை இல்லைங்க, தோலு மேல தடவற எண்ணெய் மூட்டுக்குள்ள போகாது. தேய்ச்சு விடறதுல சூடும் இதமும் கிடைச்சு தசை இறுக்கம் குறையும், அந்த அளவுக்கு அது நல்லதுதான்.

கார்டிலேஜ் பத்தி ஒன்னு நல்லா மனசுல வாங்கிக்கங்க. அதுக்குள்ள ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. ரத்தம் இல்லாததால சாப்பாடு அந்தத் திரவத்துல இருந்துதான் வரணும். நடக்கும்போது எடை விழுந்தா கார்டிலேஜுக்குள்ள இருக்கிற தண்ணி வெளிய கசியுது, காலைத் தூக்கினா புதுத் திரவம் உள்ள போகுது, அதோட சத்தும் போகுது. அசைவுதான் அதுக்கு சாப்பாடு போடுது. வலிக்குதுன்னு மாசக்கணக்கா கட்டில்லயே உட்கார்ந்திருந்தா தேய்மானம் நிக்காது, பட்டினிதான் நடக்கும். ரத்தம் இல்லாததோட இன்னொரு விளைவு, கார்டிலேஜ் கிழிஞ்சா எலும்பு கூடற மாதிரி கூடாது. நரம்பு இல்லாததோட விளைவு, தேய ஆரம்பிச்சு ரொம்ப நாளைக்கு வலியே தெரியாது, அடியில இருக்கிற எலும்புக்கும் சுத்தி இருக்கிற சவ்வுக்கும் பாதிப்பு போனப்பறம்தான் வலிக்க ஆரம்பிக்கும்.

திரவ மூட்டுலயே ஆறு தினுசு இருக்கு, எலும்பு முனை எந்த வடிவமோ அந்த அசைவு. பந்து கிண்ண மூட்டு தோள்லயும் இடுப்புலயும், எல்லா பக்கமும் சுத்தும். கீல் மூட்டு முழங்கை, கணுக்கால், விரல் கணுக்கள்ல, மடக்கலாம் நீட்டலாம். முளை மூட்டு கழுத்துல முதல் ரெண்டு எலும்பு நடுவுல, தலையை இல்லைன்னு ஆட்டறது அங்கதான், கழுத்து திரும்பறதுல சுமார் பாதி அந்த ஒரு எடத்துல நடக்குது, முழங்கைக்குக் கீழ உள்ளங்கையை மேல கீழ திருப்பறதும் இதே வகை. மணிக்கட்டும் விரல் அடி மூட்டும் நீள்வட்ட வடிவம், மடங்கும், பக்கவாட்டுல சாயும், ஆனா தன்னால சுழலாது. கட்டை விரலோட அடியில சேண மூட்டு, அதனாலதான் கட்டை விரல் மத்த நாலு விரலையும் எதிர்ல போய் தொடுது, களி கிள்ளி உருட்டறது, பூ கட்டறது, பேனா புடிக்கறது எல்லாம் அந்த ஒரு மூட்டு இல்லைன்னா முடியாது. கடைசியா வழுக்கு மூட்டு, மணிக்கட்டுல இருக்கிற சின்ன எலும்புங்க நடுவுல லேசா வழுக்கிக் கொடுக்கும். உங்க பொண்ணை தன் உடம்புலயே ஒவ்வொன்னா அசைச்சுப் பாக்கச் சொல்லுங்க, அதுக்கப்பறம் மறக்காது.

தோளும் இடுப்பும் ஒரே வகைதான்னாலும் ரெண்டும் கேக்கற விலை வேற வேற. இடுப்புல கிண்ணம் ஆழம், பந்து உள்ள நல்லா பொதிஞ்சிருக்கும், முன்னாடி இருக்கிற லிகமென்ட் உடம்புலயே ரொம்ப பலமானது, அதனால லேசுல பிசகாது. தோள்ல கிண்ணம் ரொம்ப ஆழமில்லாதது, பந்துல மூணுல ஒரு பங்குக்கும் கம்மியாத்தான் அதுல தொட்டு நிக்கும், மிச்சமெல்லாம் சுத்தி இருக்கிற நாலு தசைநார் புடிச்சு வச்சிருக்கறதுதான். கையை எங்க வேணா கொண்டு போற சுதந்திரம் அதனால கிடைக்குது, பிசகற ஆபத்தும் அதனாலதான். காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் மாங்கா சீசன்ல நாள் பூரா தொரட்டியைத் தலைக்கு மேல தூக்கி அறுக்கறவங்களுக்கு அந்த நாலுல மேல இருக்கிற தசைநார் எலும்புக்கு அடியில நசுங்கி நசுங்கி வீங்கும், ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிச்சு படுக்க முடியாது. சர்க்கரை இருக்கறவங்களுக்கு வேற ஒன்னு வரும், தோள் கேப்சூலே சுருங்கி இறுகிடும், ஃப்ரோசன் ஷோல்டர்னு சொல்றது, கையை பின்னாடி கொண்டு போக முடியாது, தலை சீவ முடியாது.

முட்டிக்கு வருவோம். புத்தகத்துல கீல் மூட்டுன்னு போட்டிருக்கும், ஆனா சுத்தமான கீல் இல்ல. மடக்கி வச்சா பாதத்தை உள்ளயும் வெளியயும் கொஞ்சம் திருப்ப முடியும், முழுசா நீட்டறப்ப கடைசியில எலும்பு லேசா திரும்பி பூட்டிக்கும், அதனாலதான் ரொம்ப நேரம் நிக்கும்போதும் தொடைத் தசை அவ்வளவா களைக்காது. நடுவுல குறுக்கா ரெண்டு லிகமென்ட், பக்கத்துக்கு ஒன்னு, தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவுல பிறை வடிவத்துல ரெண்டு மெனிஸ்கஸ் மெத்தை. கபடியில பாதம் மண்ணுல பதிஞ்சிருக்க உடம்பு மட்டும் திரும்பறப்ப முன்பக்க குறுக்கு லிகமென்ட் கிழியறது இங்கதான். சமதரையில நடக்கறப்பவே முட்டி மேல உடம்பு எடையை விட ரெண்டு மூணு மடங்கு அழுத்தம் விழுது, படி இறங்கறப்ப இன்னும் அதிகம்.

உங்க அம்மாவுக்கு தேயறது அந்த வெள்ளைப் பூச்சு, கார்டிலேஜ். பெரும்பாலும் முட்டியோட உள்பக்கம் முதல்ல தேயும், அதனாலதான் வயசானவங்களுக்கு கால் வெளிப்பக்கமா வளைஞ்சு போகுது. அதோட முடியறதில்ல, அடி எலும்பு கெட்டியாகி ஓரத்துல முள்ளு முள்ளா வளரும், சவ்வு வீங்கும், தொடைத் தசை மெலியும், மூட்டு முழுசுக்கும் நடக்கிற மாற்றம் அது. எக்ஸ்ரேல கார்டிலேஜ் தெரியாது, எலும்புக்கு நடுவுல இருக்கிற இடைவெளி குறையறதை வச்சுத்தான் சொல்றாங்க, அதனால நின்னுக்கிட்டு எடுத்த எக்ஸ்ரேவா பாத்துக்கங்க, படுக்க வச்சு எடுத்தா இடைவெளி குறைஞ்சது சரியா தெரியாது. இன்னொன்னு, எக்ஸ்ரேல மோசமா இருந்தும் நல்லா நடக்கறவங்க இருக்காங்க, லேசா இருந்தும் ரொம்ப வலி உள்ளவங்க இருக்காங்க, படத்தைப் பாத்து மட்டும் பயந்துடாதீங்க.

தேஞ்ச கார்டிலேஜை திரும்ப வளர வைக்கிற மாத்திரை எதுவும் கிடையாது. ஆனா செய்யறதுக்கு நிறைய இருக்கு. எடை அதிகம்னா அதைக் குறைக்கறது முதல் வேலை, 1 கிலோ குறைஞ்சா நடக்கிற ஒவ்வொரு அடியிலயும் முட்டி மேல சுமார் 4 கிலோ பாரம் குறையுதுன்னு ஆராய்ச்சியில அளந்திருக்காங்க. ரெண்டாவது தொடை முன்பக்கத் தசை. சேர்ல உட்கார்ந்து ஒரு காலை நேரா நீட்டி பத்து எண்ணிட்டு மெதுவா இறக்கணும், பத்து தடவை, அடுத்த கால், காலையும் சாயங்காலமும். முதல் வாரம் ஒன்னும் தெரியாது, விடாம ஒன்றரை ரெண்டு மாசம் பண்ணா படி ஏறறதுல வித்தியாசம் தெரியும். மூணாவது உட்கார்ற உயரம். நம்ம பக்கம் பொம்பளைங்க சீசன்ல நாள் முழுக்க குத்துக்கால் போட்டு புளி தட்டி கொட்டை எடுக்கறாங்க, அந்த மடிப்புல முட்டிச் சில்லுக்குப் பின்னாடி அழுத்தம் ரொம்ப ஏறும், அதே வேலையை ஸ்டூல் போட்டு பலகையை உயர்த்தி வச்சு செய்யலாம். கக்கூஸுக்கு உட்கார்ற சேர் ஒன்னு வாங்கிடுங்க, இதுல வெக்கப்பட ஒன்னுமில்ல. வலி மாத்திரையை டாக்டர் சொல்லாம மாசக்கணக்குல போடறது கிட்னியையும் வயித்தையும் கெடுக்கும், அது வேண்டவே வேண்டாம். இவ்வளவும் பண்ணியும் ராத்திரி தூக்கம் போகுது, நடக்கவே முடியலைன்னா அப்ப மூட்டு மாத்து ஆபரேஷன் நல்ல வழிதான், பயந்து பத்து வருஷம் தள்ளிப் போட வேண்டியதில்ல.

ராகி பத்தியும் சொல்லிடறேன். 100 கிராம் கேழ்வரகுல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, எலும்புக்கு ரொம்ப நல்லது, களியை விடவே விடாதீங்க, ஆனா அது எலும்புக்கு, தேஞ்ச கார்டிலேஜுக்கு இல்ல. மூட்டு சொடக்கு சத்தம் பத்தியும் பயம் வேண்டாம், வலியும் வீக்கமும் இல்லாம வர்ற சத்தத்துல ஆபத்தில்ல. விரல்ல சொடக்கு எடுக்கறப்ப திரவத்துக்குள்ள வாயுக் குமிழி உருவாகறதை 2015ல கனடாவுல ஆல்பர்டா பல்கலைக்கழகத்துல எம்.ஆர்.ஐ. எடுத்தே காட்டினாங்க, சத்தம் குமிழி உருவாகறதாலயா உடையறதாலயான்னு இன்னும் வாதம் இருக்கு, சொடக்கு எடுத்தா மூட்டு தேயும்ங்கிறதுக்கு ஆதாரம் இல்ல.

எல்லா முட்டி வலியும் தேய்மானம் கிடையாதுங்கறதையும் சொல்லணும். காலையில எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல விரல் மூட்டுங்க விறைச்சு, ரெண்டு கையும் சமமா வீங்குதுன்னா அது ருமடாய்டா இருக்கலாம், அங்க உடம்பே சைனோவியல் சவ்வைத் தாக்குது, சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா மூட்டு கோணாம காப்பாத்தலாம். ராத்திரியோட ராத்திரியா கால் கட்டை விரல் செவந்து தொட முடியாம வலிச்சா யூரிக் ஆசிட் படிகம். ஒரே ஒரு மூட்டு சூடா வீங்கி காய்ச்சலும் இருந்தா உள்ள சீழ் வச்சிருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரி. அப்பறம் இடுப்பு மூட்டுக்கும் முட்டிக்கும் ஒரே நரம்புங்க கிளை போகறதால இடுப்புல கோளாறு இருந்தா முட்டியில வலிக்கும், குழந்தைங்க முட்டி வலின்னு நொண்டினா இடுப்பையும் கட்டாயம் பாக்கணும்.

கடைசியா, நம்ம மாவட்டத்துக்குன்னு இருக்கிற ஒரு விஷயம், பெண்ணாகரம்னு நீங்க எழுதினதுமே எனக்கு இதுதான் முதல்ல தோணிச்சு. தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டும் கருங்கல் பூமி, ஆழத்துல இருக்கிற பாறையில புளோரைடு இருக்கு, அது போர் தண்ணியில கரைஞ்சு வருது. குடிக்கிற தண்ணியில லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேற வழியே இல்லைன்னா 1.5 வரைக்கும்தான் இந்தியத் தரத்துல அனுமதி. அதுக்கு மேல வருஷக்கணக்கா குடிச்சா பல்லு காவியடிக்கறது மட்டும் இல்ல, புளோரைடு எலும்புல சேர்ந்து, நாரா இருக்க வேண்டிய லிகமென்ட்டுல சுண்ணாம்பு படிஞ்சு எலும்பா மாத்தும். புளோரோசிஸ்ங்கிற இந்த நோயை இந்தியாவுல முதல்ல 1937ல எழுதி வச்சது அன்னைய மெட்ராஸ் மாகாணத்துல நெல்லூர் பக்கத்துல பாத்துத்தான். நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் ஜப்பான் கடனுதவியோட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் 1900 கோடி ரூபாய்க்கு மேல செலவுல 2013ல திறந்தாங்க, காவிரித் தண்ணி வந்தது பெரிய விடிவு. ஆனா உங்க அம்மா வயசுக்காரங்க அதுக்கு முன்னாடியே பாதி ஆயுசுக்கு மேல போர் தண்ணி குடிச்சவங்க, குழாய்ல தண்ணி வராத நாள்ல இன்னைக்கும் குடிக்கிற வீடுங்க உண்டு.

புளோரோசிஸ்ல வலி முட்டியோட நிக்காது. கழுத்து, குறுக்கு, இடுப்பு எல்லாம் விறைச்சுக்கும், ரொம்ப முத்தினா முதுகெலும்புக்குள்ள இடம் குறைஞ்சு நரம்பு நசுங்கி கால்ல பலம் போயிடும். மூட்டுக்குள்ள இருக்கிற கார்டிலேஜ் நல்லாவே இருக்கலாம், சுத்தி இருக்கிற நார்தான் கெட்டியாகியிருக்கும், தேய்மானம்னு நெனச்சு முட்டிக்கு மட்டும் வைத்தியம் பாத்தா எப்படி விறைப்பு போகும்? வீட்டுலயே மூணு சோதனை பண்ணலாம். நின்னுக்கிட்டு முட்டி மடக்காம குனிஞ்சு கால் கட்டை விரலைத் தொட முடியுதா, தாடையைக் குனிச்சு நெஞ்சைத் தொட முடியுதா, ரெண்டு கையையும் பக்கவாட்டுல விரிச்சு மடக்கி பின்னந்தலையைத் தொட முடியுதா. தேய்மானம், டிஸ்க், தோள் இறுக்கம் இதுலயும் ஒவ்வொன்னு முடியாம போகலாம், ஆனா மூணுமே வலியோட நிக்குதுன்னா, அதுவும் ஊர்ல அதே வயசுக்காரங்க பல பேருக்கு இப்படி இருக்குன்னா, புளோரைடு சந்தேகம் வரணும்.

சந்தேகம்னா தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கறது உதவாது, காய்ச்சினா தண்ணி குறைஞ்சு புளோரைடு இன்னும் கெட்டியாத்தான் ஆகும். ஒகேனக்கல் தண்ணியைப் புடிச்சு வச்சுக் குடிங்க, இல்லைன்னா நல்லா பராமரிச்ச ஆர்.ஓ. தண்ணி. நாள் பூரா கெட்டியா டீ குடிக்கறதைக் குறைக்கச் சொல்லுங்க, டீத்தூள்லயும் புளோரைடு உண்டு. ராகி, பால், முருங்கைக்கீரை, நெல்லிக்கான்னு கால்சியமும் வைட்டமின் சியும் நிறைய சேரணும், அது குறைவா இருக்கிற உடம்புலதான் புளோரைடு அதிகமா ஆட்டம் போடும், எலும்பா மாறினது திரும்பாட்டியும் மேல முத்தாம தடுக்கலாம். வீட்டு போர் தண்ணியை ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில்ல புடிச்சு குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வுக்கூடத்துல கொடுத்து புளோரைடு அளவைப் பாருங்க. அடுத்த தடவை அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகறப்ப எந்த ஊர், எத்தனை வருஷம் போர் தண்ணின்னு நீங்களே எடுத்துச் சொல்லி, முட்டி எக்ஸ்ரேவோட முன்கை எக்ஸ்ரே ஒன்னும் சேர்த்து எடுக்கலாமான்னு கேளுங்க, ரேடியஸ் அல்னா நடுவுல இருக்கிற அந்த நார் சவ்வு எக்ஸ்ரேல தெரியவே கூடாது, வெள்ளையா முள்ளு முள்ளா தெரிஞ்சா புளோரோசிஸுக்கு அது பெரிய அடையாளம். ரெண்டு ரிசல்ட்டும் வந்ததும் எழுதுங்க, அம்மாவுக்கு எந்தப் பயிற்சி கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாதுன்னு அதை வச்சுத்தான் சொல்ல முடியும்.